மக்கர் ஏசியும் மாமியார் ஊரும்

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஜெசிந்தாவிடம் நான் எந்தப் பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. இந்த முறை ஜெயித்துவிட்டேன். அந்தக் கஷ்டத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கார் ஏசி மக்கர் பண்ண ஆரம்பித்தது. கம்ப்ரசர் 'டக்'கென்று ஓடும், காற்று ஜில்லென்று வரும். ஒரு நிமிஷம் சொர்க்கம். மறுபடி 'டக்'. நின்றுவிடும். அடுப்பங்கரைக் காற்று வரும். பட்டுப்புடவைக்குள் ஜெசிந்தா வெந்துகொண்டிருந்தாள்.

"மெக்கானிக்குகிட்ட விட்டுடுங்க."

"எதுக்கு? நானே கண்டுபிடிக்கிறேன்."

"நீங்களா? மிக்ஸி ஓடலன்னு நாள் பூரா கழட்டிப் போட்டுக்கினு இருந்தீங்க. பிளக்கே சொருகலன்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பந்தயம் வச்சிக்கலாமா? நான் கண்டுபிடிச்சிட்டா, ஞாயித்துக்கிழமை உங்க அம்மா ஊட்டு உளுந்து அடிக்க வரமாட்டேன்."

"சரிங்க" என்றாள். உடனே ஒத்துக்கொண்டதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அனந்தபுரம் பக்கத்தில் மாமியாருக்குக் கொஞ்சம் உளுந்து. அறுவடைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கறிச்சோறு போடுவார்கள். நடுவில் கையில் ஒரு தடியைக் கொடுத்து, வெயிலில் நிறுத்திச் செடியை அடிக்கவும் சொல்வார்கள். போன வருஷம் உளுந்து உதிர்ந்ததைவிட நான் உதிர்ந்ததுதான் அதிகம்.

சனிக்கிழமை பானெட்டைத் திறந்தேன். பக்கத்து வீட்டுத் தொம்மை சுவர்மேல் எட்டிப் பார்த்தார்.

"கேஸ் கம்மியா இருக்கும், சார்."

"ரிலே போயிருக்கும்" என்றது செல்போன் வீடியோ.

ரிலேயை மாற்றினேன். ஃபியூஸைத் தடவினேன். விசிறியை முறைத்தேன். கம்ப்ரசர் அதே டக், டக். தொம்மை முகத்தில் ஒரு திருப்தி.

ஜெசிந்தா வெளியே வந்தாள். "முன்னாடி ஒரே தூசியா இருக்குதே. தண்ணி அடிச்சித்தான் பாருங்களேன்" என்று ஹோஸ் பைப்பைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அடித்தேன். முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரிலிருந்து பழுப்பாகக் கொட்டியது. சருகு, தூசி, உளுந்துத் தோல்! மாமியார் ஊரில் அறுத்த செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறினால் உளுந்து தானே உதிரும். அங்கே வண்டிகள் குறைவு என்பதால்தான் மிச்சத்துக்கு என் தடி. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தச் செடிமேல் காரை ஓட்டியதில் கண்டன்சர் அடைத்துக்கொண்டு, காற்றுப் புகாமல் சூடேறி, கம்ப்ரசர் பயந்து பயந்து நின்றிருக்கிறது. கழுவியதும் நிற்காமல் ஓடியது.

"ஜெசி, ஜெயிச்சிட்டேன்! எல்லாம் உங்க ஊரு உளுந்துதான்!"

வந்து கையை நீட்டிப் பார்த்தாள். "அட, ஜில்லுனு வருது. நீங்க கெட்டிக்காரர்தான்."

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. எனக்கு நெஞ்சே குளிர்ந்துவிட்டது.

"அப்போ நாளைக்கு நான் தடி தூக்க வேணாம்ல?"

"தூக்கவே வேணாம். வெயில்லயே நீங்க நிக்கக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். என்னை மட்டும் கொண்டுபோய் விடுங்க."

ஜெயித்தவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டாமா? ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பினோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரோடு முழுக்க உளுந்துச் செடி. ஜெசிந்தா இறங்கிக்கொண்டாள்.

"நீங்க இறங்காதீங்க, வெயிலு. ஏசியப் போட்டுக்கினு அந்தப் பாலம் வரைக்கும் ஒரு வாட்டி போய்ட்டு வாங்க."

போனேன். வந்தேன்.

"இன்னொரு வாட்டி."

மத்தியானமாகிவிட்டது. ஏசி நிற்கவே இல்லை. உள்ளே பாட்டும் குளிருமாகச் சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. கறிக்குழம்பு வாசனை வந்ததும் காரை ஓரங்கட்டினேன். மாமியார் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மாப்ள, நிறுத்திடாதீங்க. பக்கத்துக் கொல்லைக்காரங்களும் செடியக் கொண்ணாந்து கொட்டிக்கினு இருக்காங்க. சோறு ஜன்னல் வழியா குடுக்கிறேன்."