குழலுக்குள் நிலா

துணி பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

வங்கிக் காவலர் மீசைக்காரர் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். கம்பி மட்டும் வந்தது. அதன் நுனி வரவில்லை. துப்பாக்கி துடைக்கும் கம்பியின் நுனி மரை போட்டு மாட்டியது. வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடப்பக்கம் சுற்றினால் கழன்றுகொள்ளும். மீசைக்காரர் இடப்பக்கம்தான் சுற்றியிருந்தார்.

"என்ன அண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றாள் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த கேஷியர். சனிக்கிழமை மாலை. வங்கியின் ஷட்டர் இறங்கிவிட்டது. பின்னால் இருந்த சின்ன அறையில் இவர்கள் இரண்டு பேர், ஒரு மேசை, மேசைமேல் துப்பாக்கி.

"ஒண்ணுமில்லம்மா. துணி கொஞ்சம் ஓய்வெடுக்குது."

"எந்தத் துணி?"

"கவுன்டர் துடைக்க வச்சிருந்தியே, மஞ்சள் துணி."

"அது என் கைக்குட்டையைவிடப் பெரிசாச்சே! முழுசாவா விட்டீங்க?"

முழுசாகத்தான் விட்டிருந்தார். குழலுக்குள் விடும் துணி ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். இது அவருக்குத் தெரியாதது இல்லை. மறுநாளை நினைத்துக் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

நாளை வருடாந்திரத் தேர்வு. இதுவரை காவலர்கள் எல்லோரும், அவர்களை வேலைக்கு அனுப்பும் கம்பெனியின் மைதானத்தில் இருக்கும் பொதுத் துப்பாக்கியால்தான் சுட்டுக் காட்டுவார்கள். அவரவர் துப்பாக்கியைப் பயிற்சி கொடுக்கும் வாத்தியார் மேசையில் வைத்துப் பார்த்து, தலையாட்டி அனுப்பிவிடுவார். இந்த வருடம் புது விதி: அவரவர் துப்பாக்கியாலேயே சுட வேண்டும். குழல் சுத்தமாக இல்லையென்றால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு விசிலைக் கொடுத்து, வெயில் கொளுத்தும் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

மீசைக்காரருக்கோ கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏ.சி. காற்று நேராக முகத்தில் விழும் இடத்தில், குஷன் வைத்த நாற்காலி. அந்த நாற்காலியில் அவருடைய உருவம் பள்ளமாகவே பதிந்திருந்தது. அதை விட்டுவிட்டு விசிலா?

அதுவும் அவருக்கா? வாரா வாரம் துப்பாக்கி துடைப்பதாக ஊரெல்லாம் பெயர் எடுத்தவர் அவர். பணம் எடுக்க வருகிறவர்கள் வரிசையில் நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார். "போல்ட்டைக் கழட்டிட்டுப் பின்பக்கமிருந்து குழலுக்குள்ள பாக்கணும் சார். அந்தக் கோடியில வெளிச்சம் வட்டமா, பௌர்ணமி நிலா மாதிரி ஜொலிக்கணும். நம்மளுது அப்படித்தான் ஜொலிக்கும்."

அந்த நிலாவைக் கேஷியர் கேட்காத நாளில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும்: துப்பாக்கியைக் கையாளும் முறையில் அவர்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. மேசையில் வைப்பதற்கு முன்பே குழலின் வாயை மூலையிலிருந்த மணல் வாளியின் பக்கம் திருப்பியிருந்தார். விசைமேல் விரல் படவே இல்லை. தோட்டாக்களை எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். போட்ட பிறகும் தோட்டா அறைக்குள் கண்ணால் பார்த்தார். கண்ணை நம்பாமல் சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். அதன் பிறகுதான் போல்ட்டைக் கழற்றினார்.

போல்ட் என்பது வேறொன்றுமில்லை, கதவுத் தாழ்ப்பாள்தான். குழலின் பின்பக்கக் கதவுக்கு அது தாழ். பிடியைத் தூக்கினால் பிடிமானம் விடும். பின்னால் இழுத்தால் கதவு திறக்கும். முன்னால் தள்ளினால் கீழே காத்திருக்கும் தோட்டாக்களில் ஒன்றை அள்ளிக்கொண்டு போய் அறைக்குள் வைக்கும். பிடியை இறக்கினால் தாழ் விழும். தாழ் திறந்திருக்கும்வரை சுட முடியாது. அதனால்தான் தெரிந்தவர்கள் நாலு பேர் நடுவில் துப்பாக்கியை வைக்கும்போது தாழைத் திறந்தே வைப்பார்கள். வைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, பார்க்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த மனிதர் துணியில் கோட்டை விட்டுவிட்டார்.

"எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வந்துடும்" என்றார்.

"பேங்க்ல எண்ணெய்க்கு எங்க போறது? இருங்க, என்கிட்ட கைக்குப் பூசுற கிரீம் இருக்கு. ரோஜா வாசனை."

பிதுக்கினார்கள். பாதிக் குழாய் கிரீம் உள்ளே போனது. துணி அதைக் குடித்துவிட்டு உப்பி, இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கியிலிருந்து ரோஜா மணம் வீசியது.

"இப்ப எதிர்ப்பக்கமிருந்து கொக்கி போட்டு இழுக்கணும்" என்றார் மீசைக்காரர். அவர் கண் மெல்ல நகர்ந்து கதவோரம் மாட்டியிருந்த நீலப் பூப்போட்ட குடையில் போய் நின்றது.

"அண்ணே, வேண்டாம். அது புதுசு."

"ஒரே ஒரு கம்பிம்மா. மடக்கிக் கொக்கியாக்கிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்துடுறேன்."

குடைக் கம்பி உள்ளே போனது. கொக்கி எதையோ பிடித்தது. "மாட்டிக்கிச்சு!" என்று துள்ளினார் மீசைக்காரர். உண்மைதான், மாட்டிக்கொண்டது. இனி கம்பியும் வராது. குழலின் வாயில் ஒரு சாண் கம்பியும், அதில் ஒட்டிக்கொண்டிருந்த நீலப் பூத் துணியும் கொடி மாதிரி ஆடின.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். எந்தப் பிரச்சினைக்கும் இரண்டு நிமிடத்தில் தீர்வு சொல்வது அவர் பழக்கம். இதற்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா? ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டுட்டா எல்லாம் பறந்துடாதா?"

மீசைக்காரரின் மீசை நட்டுக்கொண்டது. "சார்! அந்தப் பேச்சே பேசாதீங்க! உள்ள அடைப்பு இருந்தா புகைக்கு வெளிய போக வழி இருக்காது. அது குழலையே கிழிச்சுக்கிட்டு வரும். வாழைப்பழத் தோல் உரிச்ச மாதிரி பிளந்துடும். பிடிச்சிருக்கிற ஆளும் சேர்ந்து போயிடுவான்."

"சும்மா ஒரு யோசனைதான் சொன்னேன்."

"யோசனை வர்ற இடத்துல தோட்டா இருக்கக் கூடாது" என்று மீசைக்காரர் டப்பாவையும் போல்ட்டையும் கேஷியர் கையில் திணித்தார். "தாயே, இதை சார் கைக்கு எட்டாத இடத்துல வச்சுட்டு வா."

அவள் ஓடினாள். கனமான ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"எங்கம்மா வச்சே?"

"பெட்டகத்துல."

அந்தப் பெட்டகத்துக்கு நேரப்பூட்டு. மூடினால் திங்கட்கிழமை காலைவரை யார் வந்து கெஞ்சினாலும் திறக்காது.

"எட்டாத இடம்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள் அழுகிற குரலில்.

"சரி விடுங்க, கம்பியை நான் இழுக்கிறேன்" என்று மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழலின் வாய்க்கு எதிரே போய் நின்றார்.

"சார், முன்னாடி நிக்காதீங்க!"

"யோவ், தோட்டா பெட்டகத்துல இருக்கு, போல்ட்டும் பெட்டகத்துல இருக்கு. வெறும் இரும்புக் குழாய்யா இது!"

"வெறும் குழாயா இருந்தாலும் நிக்கக் கூடாது. ஒரு நாள் விட்டா பழக்கம் கெட்டுடும்."

"முன்னாடி நிக்காம எப்படி இழுக்கிறது?"

"பக்கவாட்டுல நின்னு இழுங்க."

மேனேஜர் பக்கவாட்டில் நின்று இழுத்தார். விதி மீறப்படவில்லை. கம்பிதான் 'ட' போல மடங்கிவிட்டது.

மறுநாள் காலை மேனேஜரின் காரிலேயே மூவரும் கிளம்பினார்கள். துப்பாக்கி போர்வைக்குள் படுத்திருந்தது. மடங்கிய கம்பிக்கு உள்ளே இடமில்லாததால் அது மட்டும் ஜன்னல் வழியே நீலக் கொடியை ஆட்டிக்கொண்டு வந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர், கார் திரும்பப் போகிறது போலிருக்கிறது என்று ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்.

"விசில் ஊதத் தெரியுமா அண்ணே?" என்றாள் கேஷியர் மெதுவாக.

"வாயை மூடிக்கிட்டு வாம்மா."

காவலர் கம்பெனியின் பட்டறையில் வாத்தியார் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். கம்பெனித் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பழுது பார்ப்பதும் அவர்தான், காவலர்களுக்குப் பாடம் எடுப்பதும் அவர்தான். அவர் தொண்டையைச் செருமினாலே காவலர்கள் விரலை விசையிலிருந்து எடுத்துவிடுவார்கள், கையில் துப்பாக்கி இல்லாவிட்டாலும். பக்கத்தில் ஸ்டோர் அக்கா எண்ணெய் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு துப்பாக்கியும் அவர் கையிலிருந்துதான் வெளியே போகிறது.

"போல்ட் எங்க?" என்றார் வாத்தியார், போர்வையை விலக்காமலேயே.

"பெட்டகத்துல சார்."

"தோட்டா?"

"அதுவும் பூட்டித்தான் இருக்கு."

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! துப்பாக்கி ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம், தோட்டாவுக்குப் பூட்டு. இத்தனை காவலர்ல ஒருத்தராவது இப்படிச் செஞ்சாங்களா?" என்றபடி போர்வையை விலக்கினார். நீலப் பூ எட்டிப் பார்த்தது.

வாத்தியார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எதுக்கு? மழைக்கா?"

மீசைக்காரர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மஞ்சள் துணி, கம்பி நுனி, கிரீம், குடை. வாத்தியார் குனிந்து முகர்ந்தார். "ரோஜா" என்றார்.

குழலைத் தோல் சுற்றி இடுக்கியில் இறுக்கினார். நீளமான பித்தளைக் கம்பியை எடுத்தார். குழலைவிட மென்மையான உலோகம் பித்தளை. தேய்வதானால் தான் தேயும், குழலைத் தேய்க்காது. பின்பக்கமிருந்து உள்ளே விட்டு, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். தட்டிக்கொண்டே பாடம் எடுத்தார்.

"ஒவ்வொரு வருஷமும் நானே இந்தக் குழலுக்குள்ள கண்ணை வச்சுப் பாத்திருக்கேன். நிலா மாதிரி இருந்த குழல்! போன வருஷம்கூட அப்படி ஒரு ஜொலிப்பு."

"நானும் வாரா வாரம் பாக்கிறேனே சார். பௌர்ணமிதான்" என்றார் மீசைக்காரர் கம்மிய குரலில்.

எதிர்முனையில் முதலில் குடைக் கம்பி விழுந்தது. கேஷியர் அதைப் பிணத்தை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். அடுத்து, வாத்தியாரின் தட்டலுக்கு அசைந்து அசைந்து வந்த ஒரு தடித்த சுருள். சிவப்பு நிறம். அதன் பின்னால் கிரீமில் ஊறிய மஞ்சள் துணி. கடைசியில் 'டங்' என்று கம்பி நுனி.

குழல் திறந்தது.

மீசைக்காரர் பின்பக்கம் கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. உள்ளே பளபளத்த பள்ளங்கள் சுருள் சுருளாக ஓடின. அந்தக் கோடியில் வட்டமாக, வெள்ளையாக, கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம்.

"அடேயப்பா!" என்றார்.

"தள்ளுங்க" என்று வாத்தியார் தன் கண்ணை வைத்தார். அவரும் தேவைக்கு மேலேயே பார்த்தார். "அடேயப்பா!" என்றார்.

இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார் வாத்தியார்.

"ஆமா சார், எப்பவும் போலத்தான்" என்றார் மீசைக்காரர்.

"துணி பெரிசா விட்டது தப்பு. ஆனா அடைப்புன்னு தெரிஞ்சதும் சுடாம, மறைக்காம கொண்டு வந்தீங்க பாருங்க, அதுதான் ஒழுங்கு. பொதுத் துப்பாக்கியாலேயே சுட்டுக் காட்டுங்க. நாற்காலி உங்களுக்குத்தான்."

மேனேஜர் கை தட்டினார். மீசைக்காரருக்கு ஏ.சி. காற்று இப்போதே முகத்தில் பட்டது போலிருந்தது.

"அண்ணே, நாம விட்டது மஞ்சள் துணிதானே? இந்தச் சிவப்பு யாருது?" என்றாள் கேஷியர்.

"கிரீம் பட்டா சில துணி சிவந்துடும்மா" என்றார் வாத்தியார் அவசரமாக.

ஸ்டோர் அக்கா எண்ணெய் டின்னைக் கீழே வைத்தார். சிவப்புச் சுருளை எடுத்தார், பிரித்தார், ஓரத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"துருப் பிடிக்காம இருக்கட்டும்னு, இந்தத் துப்பாக்கியைப் புதுசா வெளிய அனுப்பின அன்னிக்கு நான் உள்ள வச்ச துணி இது. இத்தனை வருஷமா நீங்க ரெண்டு பேரும் எந்த நிலாவைப் பாத்தீங்க?"