பேசத் தெரிந்த பாதுகாப்பு அதிகாரி

தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளில் இரண்டு வகை உண்டு. தலைக்கவசம் போடாதவனை ஊருக்கே கேட்கும்படி திட்டி, கிழிந்த கையுறையை மாற்றும்வரை ஸ்டோர்காரரின் உயிரை எடுப்பவர் முதல் வகை. இவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாம் வகையை. பேச்சுப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்.

பயிற்சிக்கு முன்னால் இவரும் நம்மைப் போன்றவர்தான். "டேய், கையை எடுடா" என்பார், கை பிழைத்துக்கொள்ளும். பயிற்சிக்குப் பிறகு அப்படிச் சொல்ல மாட்டார். முதலில் புன்னகை செய்வார், பிறகு மூன்றாம் வரிசையில் நிற்பவர் கண்ணைப் பார்ப்பார், இடப்பக்கம் ஓரடி வைப்பார், உள்ளங்கையை மேல்நோக்கி விரிப்பார், குரலைத் தாழ்த்துவார், எல்லாம் முடிந்து பேசப்போகிறார் என்று நாம் நிமிரும்போது பேசாமல் நிற்பார். அதற்குப் பெயர் இடைவெளி. பேச்சின் உயிரே அதுதானாம். ஒருநாள் இவர் கண்ணை மூடி அப்படி நின்றபோது, பின்னால் சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, தோளைப் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். பேச்சு தடைபடவில்லை.

எங்கள் அதிகாரிக்கு ஒரு சோதனை வந்தது. தகடு வெட்டும் இயந்திரத்தில் கத்திக்கு முன்னால் இருக்கும் தடுப்பு கழன்று விழுந்துவிட்டது. தடுப்பு இல்லாவிட்டால் தகடு போகும் இடத்துக்குக் கையும் போகும். அந்த இயந்திரத்தில் வேலை செய்பவர் அதிகாரியின் மனைவிக்குத் தம்பி. பழுது பார்ப்பதென்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்த மேலாளர் சொல்ல வேண்டும். மேலாளரிடம் அதிகாரி சொல்ல வேண்டும். அடுத்த வாரமே மேலாளருடன் கூட்டம். வேறென்ன வேண்டும்?

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. மனைவி துணி மடித்தபடியே கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தம்பி மிஷின் விஷயம் எப்ப வரும்?"

"வரும், வரும். முதல்ல மனசைத் தொடணும்."

"நீங்க மனசைத் தொடுங்க. அவன் கத்தியைத் தொட்டுருவான் போல. முதல்லயே சொல்லிட்டா என்ன?"

"குறையோட ஆரம்பிச்சா கேக்கறவங்க காதை மூடிக்குவாங்க. பயிற்சியில படிச்சுப் படிச்சு சொன்னாங்க."

"சரி, கடைசியில சொல்லுங்க."

"கடைசியில நம்பிக்கை கொடுத்து முடிக்கணும்."

"நடுவுல?"

"நடுவுல கதை."

மனைவி மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தார்.

கூட்டத்தில் கதை வந்தது. வேலைக்குப் போன அப்பா, வாசலில் காத்திருக்கும் மகள், சாயங்கால வெளிச்சம். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்குப் பிரிவுத் தலைவரே கலங்கினார் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? கைதட்டல் ஓய்ந்ததும் மேலாளர், "பிரமாதம். எங்ககிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

இதைவிட ஒரு வாய்ப்பு எந்த மனிதனுக்காவது கிடைக்குமா? அதிகாரி நெஞ்சில் கை வைத்தார்.

"உங்க ஆதரவு ஒண்ணே போதும் சார்."

மறுபடியும் கைதட்டல். கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். 'கோரிக்கை' என்ற தலைப்பின் கீழே எதை எழுதுவது?

இவ்வளவு நல்ல பேச்சைத் தொழிலாளிகளும் கேட்க வேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டார். மறுநாள் காலை பட்டறையிலேயே பேச்சு நடந்தது. தடுப்பில்லாத அந்த இயந்திரத்தின் பக்கத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கேயே நின்று பேசினார். பேச்சு முடிந்து எல்லா இயந்திரங்களும் ஓடத் தொடங்கின, ஒன்றைத் தவிர. மைத்துனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா ஓட்டல?" என்றார் மேலாளர்.

"மாமா இப்பத்தான சார் சொன்னாரு, பொண்ணு வாசல்ல காத்துக்கிட்டு இருக்கும்னு. தடுப்பு கழண்டு கெடக்கு. மாட்டிக் குடுங்க, ஓட்டறேன்."

"எத்தனை நாளா?"

"போன வாரத்துல இருந்து. மாமாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்."

மேலாளர் திரும்பினார். "சார், நேத்து உங்ககிட்டதான என்ன வேணும்னு கேட்டேன்?"

அதிகாரி புன்னகை செய்தார். இடப்பக்கம் ஓரடி வைத்தார். இடைவெளி விட்டார். அது முடிவதற்குள் மேலாளர் பழுது பார்க்கும் பிட்டரைக் கூப்பிட்டுவிட்டார். தடுப்பு மாட்டப்பட்டு, இயந்திரம் ஓடி, மைத்துனரின் பத்து விரலும் பத்தாகவே வீடு போய்ச் சேர்ந்தன. பேச்சுக்கு மட்டும் அவ்வாண்டின் சிறந்த பேச்சாளர் விருது கிடைத்தது. வாங்கும்போதும் பேசினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அலுவலக மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது. நீங்களும் தினம் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறீர்கள். அதைப் பற்றி நண்பர்களிடம் எவ்வளவு சுவையாகப் பேசியிருக்கிறீர்கள், நடித்துக்கூடக் காட்டியிருக்கிறீர்கள். சரிசெய்கிறவரிடம் சொன்னீர்களா?