அரை ராட்சசிக்கு அலமாரி இல்லை

விளையாட்டு நோட்டில் ராட்சசனையும் குள்ளனையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் ஸ்டோர்கீப்பருக்குக் கை பரபரத்தது. மோட்டார் உதிரி பாகக் கிடங்கு ஒன்றைப் பதினெட்டு வருடமாக ஆள்பவர் அவர். பதினாறாயிரம் சாமான், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். இரண்டு இடத்தில் இருக்கிற சாமான் எங்கேயும் இல்லாத சாமான் என்பது அவருடைய கொள்கை.

"யாரு இதை இப்படிக் கிறுக்கினது?" என்று கேட்டார்.

பதிலுக்கு மகள் ஒரு பென்சிலை அவர் பக்கம் தள்ளினாள். "பேனா வேண்டாம். பென்சில்லயே எழுதுங்க."

மச்சான் அந்தப் பென்சிலை ஏக்கத்தோடு பார்த்தார். ஏன் என்று ஸ்டோர்கீப்பருக்கு விளங்கவில்லை.

மகள் என்றால் மனைவியின் மகள். பதினாலு வயது. அவளுடைய அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்டோர்கீப்பர் இந்த வீட்டுக்குள் வந்து மூன்று மாதம். இதுவரை அவள் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இதோ பாருங்க" என்று ஆரம்பித்துக் காரியத்தை முடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அந்த வீட்டில் பகடை உருட்டிக் கதை விளையாடுவார்கள். ஆளுக்கு ஒரு கற்பனை இனம். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி, நீள்காதர் இனத்து வைத்தியக்காரி. பஸ் ஓட்டும் மச்சான் ஆறடி ஆள், விளையாட்டில் குள்ளன். மகள் கதையை நடத்திக்கொண்டே நடுவில் அரை ராட்சசியாகவும் வருவாள். அம்மா வழியில் மனுஷி, அப்பா வழியில் ராட்சசி. எந்த இனத்துக்கு எவ்வளவு உயரம், எத்தனை பலம், எதைக் கண்டால் பயம் என்பதெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருந்தது.

இருபது வருடம் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட மனிதர் ஸ்டோர்கீப்பர். இந்த மேசையில் தனக்கென்று நாலாவது நாற்காலி போட்டதற்கே அவர் மனதுக்குள் தினமும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பெண், "பட்டியல் பழசாயிடுச்சு. வேலையில நீங்க இதைத்தானே பண்றீங்க? வகை பிரிச்சுக் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அவள் தன்னை ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

முதல் வாரம், போல்ட்டுகளை அளவு வைத்துப் பிரிப்பதுபோல இனங்களைக் காதின் நீளம் வைத்துப் பிரித்தார். வைத்தியக்காரி போய்த் திருட்டு நரிமுகர்களோடு ஒரே அலமாரியில் உட்கார்ந்தாள். மனைவி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இவ்வளவு நாள் இதைத்தான் கவனித்தீர்களா என்று விசாரித்தாள்.

காது வேண்டாம், ஆயுள் இருக்கிறது என்று இரண்டாவது வாரம் ஆயுளைப் பிடித்தார். நீள்காதருக்கு ஆயிரம் வருடம், குள்ளருக்கு முந்நூறு. எழுபது வருடமே தாங்கும் மனிதர்களை அவர் வழக்கப்படி 'சீக்கிரம் கெட்டுப்போகக் கூடியவை' என்ற தலைப்பில் சேர்த்தார்.

"ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு பச்சையா சொல்ல மாட்டோம்ங்க" என்றாள் மனைவி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதம் பட்டியலிலேயே இருந்தது, அதற்கும் அலமாரி தேட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி அலமாரி என்று தீர்ப்பளித்தார். சாமான் கலந்துவிடாமல் இருக்க, ஒரே அலமாரிக்காரர்கள்தான் சேர்ந்து பயணம் போகலாம் என்று ஒரு சட்டமும் போட்டார். விளைவு, மச்சானுடைய குள்ளன் ஒரு குகையில் தன்னந்தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மச்சான் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தார்.

மகள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் ஆள் எங்கே?"

"உன் ஆளா? அது ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். அந்த மாதிரி கேஸை நாங்க 'இதர'ன்னு ஒரு பெட்டியில போட்டுடுவோம்."

அவள் பகடைகளைப் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினாள். இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட ஸ்டோர்கீப்பருக்குத் தேவலை என்றிருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் கிடங்கில் அவருக்கு வேலை ஓடவில்லை. 'இதர' பெட்டியைத் திறந்து பார்த்தார். துருவைத் தவிர ஒன்றும் வளரவில்லை. பாதியில் ஒரு குடும்பத்துக்குள் நுழைந்த தன்னை யாராவது வகை பிரித்தால் இந்தப் பெட்டியில்தான் போடுவார்கள் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஒரு மெக்கானிக் வந்து, இரண்டு மாடல் வண்டிக்கும் பொருந்துகிற பேரிங் கேட்டார். ஸ்டோர்கீப்பர் எழுந்திருக்கக்கூட இல்லை. கவுன்ட்டரில் கைக்கு எட்டுகிற தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது. இரண்டுக்கும் பொருந்துகிற சாமானை அவர் என்றைக்குமே 'இதர'வில் போட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, மேசையில் ரப்பர் தூள் குவியும்வரை மூன்று வாரத்து வேலையையும் அழித்தார். அடியிலிருந்த பழைய பேனா எழுத்து அப்படியே இருந்தது. அரை ராட்சசி என்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வரி எழுதினார்: 'இரண்டு இடத்துக்கும் பொருந்தும். கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும்.'

நோட்டை மகளிடம் நீட்டினார். "எனக்கு இது வரலைம்மா. மன்னிச்சிடு."

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, அவருடைய பென்சில் எழுத்தின் மேலேயே நிதானமாக எழுதினாள்.

"இது இருக்கட்டும்" என்றாள். "இதோ பாருங்க, பகடையை உருட்டுங்க. உங்க முறை."

கூப்பிடும் பெயர் இன்னும் வரவில்லை. ஆனாலும் அன்றைக்கு விளையாட்டு அமர்க்களமாக நடந்தது. குள்ளனைக் குகையிலிருந்து மீட்டார்கள்.

ஆட்டம் முடிந்து சமையலறையில் டம்ளர் கழுவும்போது ஸ்டோர்கீப்பர் மச்சானிடம் மனம்விட்டுப் புலம்பினார். ஒரு மாதமாக எல்லோரையும் படுத்தி எடுத்ததற்குக் கடைசியில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது என்றார்.

மச்சான் டம்ளரைத் துடைப்பதை நிறுத்தினார்.

"ஒரு வரி கம்மியா, மாப்பிள்ளை? அது அவ அப்பா கைப்பட எழுதின நோட்டு. என் குள்ளனுக்கு ஒரு அங்குலம் கூட்டிக் குடுடின்னு ஆறு வருஷமா கெஞ்சறேன், அதைத் தொடக்கூட அவ என்னை விட்டதில்லை."