பன்னிரண்டு மீட்டர் ஏணிக்கம்பி

கோயமுத்தூர்,
திங்கள் மாலை.

மதிப்பிற்குரிய கிருபாசங்கர் அண்ணாவுக்குத் தங்கை பூங்கொடி வணக்கத்துடன் எழுதுவது. கோபியில் நீங்களும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஞாயிறு காலை நம் ஹாம் ரேடியோ குழுவில் நான் முதன்முதலாகப் பேசுவதாக இருந்ததே, அது நடக்காது. ஆன்டெனாவுக்குப் போகும் ஏணிக்கம்பியின் இம்பிடன்ஸ் எத்தனை ஓம் என்று சொன்னால், அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரைச் சுற்றிச் சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். அந்த ஓர் எண் எனக்கு அகப்படவில்லை.

சொட்டுநீர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே படிபோலச் சொருகி, பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு மொட்டைமாடியில் கட்டிவிட்டுக் கீழே வருவதற்குள் அத்தை அதில் பவானி ஜமக்காளத்தைக் காயப்போட்டுவிட்டார், அதை எடுத்துக் கம்பி உலர்ந்த பிறகு மறுமுனையில் நிற்க என் வீட்டுக்காரரை, அதான் உங்கள் மாப்பிள்ளையை, கூப்பிட்டால் அவருக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது, கடைசியில் முன்வந்தவரும் அத்தைதான். மறுமுனையில் இரு கம்பிகளையும் ஒரு முதலைக் கிளிப்பால் சேர்த்து வைத்திருந்தேன். பிரித்து ஓர் அளவு, சேர்த்து ஓர் அளவு, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விடை. "பிரிச்சுப்போடுங்க அத்தை" என்பேன். "ஆச்சு கண்ணு" என்று உடனே பதில் வரும். சேர்க்கச் சொன்னாலும் உடனே ஆச்சு. ஆறு முறை அளந்தேன். ஆறு முறையும், பிரித்தால் சேர்த்ததுபோலவும் சேர்த்தால் பிரித்ததுபோலவும் மீட்டர் காட்டுகிறது. சரியாகச் செய்தீர்களா என்று மாமியாரிடம் போய்ச் சோதிப்பது நம் வீடுகளில் நடக்கிற காரியமா? ஆகவே முதலில் மீட்டரைச் சந்தேகித்தேன், பிறகு கம்பியை, பிறகு என்னை.

பி.எஸ்ஸி. இயற்பியலையும் சரி, இரண்டு முறை பரீட்சை எழுதி வாங்கிய இந்த ரேடியோ உரிமத்தையும் சரி, நான் மனப்பாடம் செய்துதான் வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு கம்பி வந்து அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு வராவிட்டால் அது துணிக்கொடியாகவே இருக்கட்டும் என்று உங்கள் மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஞாயிறு வரை எதற்கு? ஜமக்காளத்தை மறுபடி போடச் சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கும் குழந்தை நவ்யாவுக்கும் என் அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும், ரேடியோ விஷயத்தில் மட்டும் இனி வேண்டாம்.

தங்கை,
பூங்கொடி

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை காப்பியோடு வந்து, அந்தக் கிளிப் ரொம்பக் கெட்டி, விரல் வலிக்கிறது என்றார். "நீ காத்துட்டு நிக்கோணுமேன்னு மொதல்ல ஆச்சுன்னு சொல்லிப்போட்டு, அப்பறமாத்தான் கண்ணு கை வெச்சேன்." அவர் கை வைப்பதற்குள் நான் அளந்து முடித்திருக்கிறேன், ஆறு முறையும். ஆக, இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். எதை முதலில் எழுதிப் பெருக்கினால் என்ன? 380, 475. விடை 425 ஓம். சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுங்கள். நான் ஜமக்காளத்தை எடுக்க மாடிக்குப் போகிறேன்.