பூனைக்குட்டி சொன்ன தோள் அளவு

தையல்காரர் கத்திரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு சபதம் போட்டார்.

"உன் மகளா முதல்ல என்கிட்ட பேசட்டும். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்!"

"நல்லது. எதுக்கும் ரெண்டு தையல் போட்டுக்கோங்க. பிரியாம இருக்கும்" என்றாள் மனைவி.

இது நடந்து ஏழு மாதம் ஆயிற்று. சண்டை ஒன்றும் சொத்துச் சண்டை இல்லை. ஒரே மகள். தூரத்து நகரத்தில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, பெட்டியில் நாலு ரெடிமேட் சட்டைகளை அடுக்கினாள். தையல்காரர் பெற்ற பெண்ணின் பெட்டியில் ரெடிமேட்! மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"அப்போ அப்பனும் கடையிலேயே கிடைப்பான். வாங்கிக்கோ!"

அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே? "கிடைச்சா பார்க்கிறேன்" என்று போயே போய்விட்டாள்.

சாயங்காலம் ஆனால் அடுப்படியில் அம்மாவும் மகளும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். முன்னறையில் தையல் மிஷின் தானாக நின்றுவிடும்.

"என்னங்க, சத்தத்தைக் காணோம்?"

"நூல் அறுந்துடுச்சு!"

ஏழு மாதத்தில் அவர் அறுத்த நூலையெல்லாம் முடிச்சுப் போட்டால், மகள் இருக்கும் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கும். ஆனால் அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வருமே தவிர, பேச்சு விளங்காது. என்னத்துக்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது, வாசனை பிடித்தே பசியாறுகிற கதைதான்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். செல்போன் கடைக்காரரைப் பிடித்து, ஃபேஸ்புக்கில் கள்ளக் கணக்கு ஒன்று தொடங்கினார். பெயர் பூனைக்குட்டி. படமும் பூனைக்குட்டிதான். 'பார்க்கிறது பேசுறது ஆகாது' என்று சபதத்துக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டார். நட்பு அழைப்பு அனுப்பினார். ஒரே நிமிஷத்தில் மகள் ஏற்றுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் படம் போட்டால் அரை நிமிஷத்தில் பூனைக்குட்டியின் லைக் விழும். விரலால் இழுத்து இழுத்துப் படத்தைப் பெரிதாக்குவார். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதே, தூங்குகிறாளா? பின்னால் நாற்காலியில் மடிக்காத துண்டு. அம்மா புத்தி! இன்னும் இழுத்தால் மூக்கு மட்டும் தெரியும். அது அவருடைய மூக்கு. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் படத்தில் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த படத்தில் ஒரு கை முழங்கை வரை மடிப்பு, மறு கை மணிக்கட்டில் தொங்கல். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மூன்றாவது படத்தில், நேருக்கு நேராக, தோள் தையல் கையில் சரிந்து கிடந்தது.

தையல்காரரின் உயிர் தோளில்தான் இருக்கிறது. விரல் தானாக எழுதியது:

"சகோதரி, தோள் இறங்கியிருக்கிறது. பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்."

உடனே பதில் வந்தது: "நன்றி அக்கா. இங்க நல்லா தைக்கிறவங்க யாரும் இல்ல. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

'விட்டுட்டேன்' என்பதைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது.

"என்ன சரி? சட்டையில் தோள் பதினைந்து அங்குலம். உனக்குப் பதினாலேகால்தான். அதுவும் வலது தோள் ஒரு நூல் தாழ்வு. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையை ஒரே பக்கம் மாட்டாதே என்று தலையில் அடித்துக்கொண்டேனே, கேட்டாயா?"

அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் பூனைக்குட்டிக்கு வியர்த்தது.

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வார்த்தை வந்தது.

"அப்பா."

கையிலிருந்த போன் அலறியது. எடுத்தால் மகளின் முகம். அவர் பார்த்தார். இழுக்காமலே பெரிதாகத் தெரிந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றார் கடைசியில்.

"ம்... உங்க குரல் கேட்டு எவ்ளோ நாளாச்சுப்பா" என்று அழுதாள். "அடுத்த மாசம் வர்றேன். நாலு சட்டையும் கொண்டு வர்றேன். நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். கதவில் சாய்ந்தபடி மனைவி.

"பார்த்தியா? அவதான் முதல்ல கூப்பிட்டா! நான் ஜெயிச்சேன்."

"ஜெயிச்சீங்க, ஜெயிச்சீங்க. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருட்டுன்னு நினைக்குமாம். அங்க அவ படம் போடுவா. இங்க மிஷின் நிக்கும். அங்க பூனைக்குட்டி லைக் விழும். இதுக்கு ஜோசியமா பார்க்கணும்? அவகிட்ட முதல்ல பட்டனை மாத்திப் போடச் சொன்னேன். அசையல. கையை ஏத்தி இறக்கச் சொன்னேன். அதுக்கும் நீங்க அசையல. அப்புறம்தான் தோளைக் காட்டச் சொன்னேன்."

தையல்காரர் போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். ஆனாலும் ஆசை அடங்குமா? குரலைத் தாழ்த்தினார்.

"சரி, ஒரு உதவி பண்ணு. நாலு சட்டையும் எனக்கு அரை நாள் வேலை. அவகிட்ட மட்டும், அப்பாவுக்கு நாலு வாரம் ஆகும்னு சொல்லிடு. முடியிற வரைக்கும் இருப்பா."

"அதெல்லாம் சொல்லி, நாலு வாரம் லீவும் வாங்கியாச்சு. நீங்க ஒழுங்கா நூலை அறுத்துக்கிட்டே இருங்க."