பூசை நேரத்துச் சிவப்பு

குளிசை விழுங்கி அரைமணி நேரம் ஆகவில்லை. ஞானசேகரத்தாரின் காதுகள் இரண்டும் நெருப்புத் தணலாய்ச் சிவந்தன. கழுத்தும் சிவந்தது. முகமெங்கும் எறும்பு ஊர்ந்தது. எதிர்க்கதிரையில், மகள் பூரணிக்குப் பேசிய மாப்பிள்ளையின் தகப்பன், உப்புவெளிச் சோமசேகரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, முகம் இப்பிடிச் சிவக்குது? நெஞ்சு வருத்தம் ஏதும்...?"

"எங்கட குடும்பத்திலயோ? ஏழு தலைமுறையா ஒருத்தரும் நெஞ்சைப் பிடிச்சதில்லை. இது வெயில்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கொலஸ்ரோல் விஷயம் அவருக்கும் மருந்துக்கடைக் கனகரத்தினத்துக்கும் மட்டுமே தெரியும். "கொழுப்பைக் கரைக்கும் ஐயா. தோல் கொஞ்சம் சிவந்து எரியும், பயப்பிடாதேங்கோ" என்று நாலு மாதத்துக்கு முன் முதல் போத்தலைத் தந்தவர் அவர்தான். வருத்தக்காரக் குடும்பம் என்று பெயர் வந்தால் பூரணியின் கலியாணம் போய்விடும்.

ஆகவே குளிசை போடும் நேரத்தை மாற்றினார். மத்தியானப் பூசைக்குப் புறப்படும்போது விழுங்கினார். கோவிலில் யார் முகத்தைப் பார்க்கப் போகிறார்கள்?

மணி அடித்தது. கற்பூரம் எரிந்தது. ஞானசேகரத்தாரின் முகம் குங்குமமாய்ச் சிவந்து, கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"அம்மாள் வந்திட்டா!" என்று கத்தியபடி ஒரு கிழவி அவர் காலில் விழுந்தாள்.

உண்மையைச் சொல்லியிருப்பார். ஆனால் சோமசேகரத்தின் மனைவி மூன்றாவது வரிசையில் நின்றாள்.

மறுநாள் கோவிலுக்குப் போகாமல், வீட்டிலேயே பாதிக் குளிசை விழுங்கினார். இரண்டு மடங்கு சிவந்தது. வாசல் படலையில் பதினைந்து பேர் நின்றார்கள்.

கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒருத்தி, ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகனின் படத்தை நீட்டினாள்.

"ஐயா, இருக்கிறானோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"வெள்ளிக்கிழமை வருவான், போ பிள்ளை" என்றார், அழுகையைப் பார்க்க ஏலாமல்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். ஒரு காலில் மட்டும் செருப்போடு நடந்தே வந்தான்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரும் ஓர்ஸ் ஹில் ஏற்றம் முழுக்கச் சனம். ஞானசேகரத்தார் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த கிழமை சோமசேகரம் கதிரையின் நுனியில் இருந்தார்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. சாமி வாற வீட்டில சம்பந்தம் செய்ய எங்களுக்கு ஏலாது. நாளைக்கு என்ர பெடியன் ஒரு சின்னப் பொய் சொல்லிக் கடைக்குப் போக ஏலுமோ? உங்கட பிள்ளை உடன கண்டுபிடிச்சுப்போடும்."

உள்ளே பூரணி விம்முவது கேட்டது. ஏழு தலைமுறையின் மானத்தை ஞானசேகரத்தார் ஒரே மூச்சில் இறக்கி வைத்தார்.

"சாமியும் இல்லை, பூதமும் இல்லை! எனக்குக் கொலஸ்ரோல். அந்தக் குளிசை தோலைச் சிவக்கப் பண்ணுது. அவ்வளவுதான்!"

"அட, கொலஸ்ரோலோ? எனக்கும் இருக்கு. என்ர மனுசிக்கும் இருக்கு!" சோமசேகரம் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "ஆனா என்ர மனுசி வெறும் சொல்லை நம்பமாட்டா, அண்ணை. மருந்துக்கடைக்காரர் வந்து ஒரு வார்த்தை சொன்னா, இண்டைக்கே நாள் குறிப்பம்."

ஆள் அனுப்பினார்கள். கனகரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றைக்கு ஞானசேகரத்தார் குளிசையைத் தொடவே இல்லை. ஆனாலும் முகம் தணலாய் எரிந்துகொண்டிருந்தது.

"ஒளிக்காமச் சொல்லும் கனகரத்தினம். இந்தச் சிவப்பு உம்மட குளிசையாலதானே?"

கனகரத்தினம் அந்த முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"ஐயா, சண்டையால பாதை பூட்டினாப் பிறகு அந்தக் குளிசை வரவே இல்லை. நீங்கள் கலங்கக்கூடாதெண்டு மூண்டு மாசமா நான் தந்தது வெறும் சுண்ணாம்புச்சத்துக் குளிசை."