வாப்பாவின் கைப்பட்டி

2025 செப்டெம்பர் 9, செவ்வாய். இன்றைய தவறு: பட்டியை ஒரு நிமிஷமும் துடிப்பில்லாமல் வைக்கக் கூடாதென்று வாப்பாவிடம் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

அஸீமா இந்த நாட்குறிப்பைக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸிலிருந்து எழுதினாள். மாலை வகுப்புக்காக அவள் செய்த கைப்பட்டி அது. மாரடைப்பின் அறிகுறியைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு அதற்குள்ளேயே இருந்தது. மணிக்கூட்டு பற்றரி ஒன்றில் பத்து நாள் ஓடும். ஆபத்தென்றால் அவளுடைய கைபேசி அலறும். போன வருடம் மாரடைப்பு வந்து தப்பிய வாப்பா மஹ்ரூப் அதைக் கட்டியிருந்தார்.

புதன், பிற்பகல் அஸர் தொழுகை நேரம், கைபேசி அலறியது. அஸீமா வேலைத்தலத்திலிருந்தே ஓட்டோக்கார நிஸாமுக்குச் சொன்னாள். அவன் பள்ளிவாசலிலிருந்து வாப்பாவை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனான். ஈசிஜியில் ஒரு குறையுமில்லை.

"நான் நல்லாத்தானே ஈக்கிறன்" என்றார் வாப்பா. "ஜமாஅத் தொழுகையும் தப்பிட்டு."

பட்டி தளர்வாக இருக்கலாம் என்று அன்றிரவு வீட்டில் அஸீமா இறுக்கினாள்.

"கை நோகுது மகள்."

"கழட்ட வாணாம் வாப்பா!"

வியாழன் இரண்டு தடவை அலறியது. ஈசிஜி மறுபடியும் சுத்தம். வேலைத்தலத்தில் தனக்குக் கேட்காமல் போனால்? சொந்தக்காரர் எல்லோருடைய கைபேசிக்கும் எச்சரிக்கை போகும்படி செய்தாள்.

வெள்ளியும் அலறியது. வாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டுக்குப் பதினாறு பேர் வந்தார்கள். உம்மா பாயிஸா மாடிக்கும் கீழுக்குமாக நடந்து எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். கைபேசிகள் மறுபடி அலறின. இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள்.

"மூச்சு வாங்குது மகள்" என்றாள் உம்மா, சட்டைக் கையை இழுத்துவிட்டபடி. "வயித்துல காஸ்தான்."

அஸீமா கவனிக்கவில்லை. பட்டியின் உணர்திறனை எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனி, வேலை முடிந்து பாலத்தடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கைபேசி அலறியது. நிஸாமின் ஓட்டோவில் பள்ளிவாசலுக்குப் பறந்தாள். வாப்பா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ எடுத்து, கையில் நீர் சொட்ட நின்றார். மணிக்கட்டில் ஒன்றுமில்லை.

"பட்டி எங்க வாப்பா?"

வாப்பா பதில் சொல்லுமுன் நிஸாம் ஓட்டோவை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"ஒளூ எடுக்கக் கழட்டினா துடிப்பு விடுபடுமே தங்கச்சி! அதால ஒவ்வொரு நாளும் அத உங்கட உம்மாட கையில கட்டிட்டுத்தானே வாறார்."

செப்டெம்பர் 13, சனி. உம்மாவை இதய வார்டில் வைத்திருக்கிறார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டொக்டர். நாளைய வேலை: இரண்டாவது பட்டி செய்வது. உணர்திறனைத் தொடக் கூடாது.